நீறு பூத்த நெருப்பும் எழ மறுக்கும் கால்களும்

பெரியம்மாவுக்கு 74 வயது. நிமோனியா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். காய்ச்சல் போய்விட்டது, இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தது. ஆனால் ஹாலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்துவார், முன்னால் சாய்வார், பாதி தூரம் எழுவார், மறுபடி தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். "கால் என் பேச்சையே கேக்க மாட்டேங்குதுடா" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று தானே நடந்துபோய் ஆட்டோ ஏறியவர்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "வாயு பிடிச்சிருக்கும்" என்றார். மாமா, "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்று முடித்துக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீடியோ காலில், "உடம்புல இன்ஃப்ளமேஷன் ஏறியிருக்கு, மஞ்சள் கேப்ஸ்யூல் அனுப்புறேன்" என்றான்.

மூன்றில் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது தம்பி சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் இப்போது படும் பாட்டைப் பார்த்தால், உண்மையிலிருந்து நம்மை அதிகம் விலக்குவதும் அதுதான் என்று தோன்றுகிறது. முழங்கால் வலிக்கும் அது, தொப்பைக்கும் அது, தூக்கம் வராததற்கும் அது. எல்லாவற்றுக்கும் ஒரு கேப்ஸ்யூல். அதனால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

அழற்சி எது, எது இல்லை

இன்ஃப்ளமேஷனுக்குத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. நல்ல பொருத்தமான சொல். விரலில் முள் ஏறி இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்: அந்த இடம் சிவந்திருக்கும், வீங்கியிருக்கும், தொட்டால் சுடும், வலிக்கும். கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானியர் இதே நான்கு அறிகுறிகளைத்தான் எழுதி வைத்தார். ஐந்தாவதாக ஒன்று பிற்காலத்தில் சேர்ந்தது: அந்த உறுப்பு தன் வேலையைச் செய்யாமல் போவது. முள் குத்திய விரலால் பட்டன் போட வராது, அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே நடப்பது இது. காயம் பட்ட இடத்துச் செல்கள் சத்தம் போடுகின்றன. அந்தச் சத்தம் ஒரு வகைப் புரதத் துணுக்குகள். அவற்றுக்கு சைட்டோகைன் என்று பெயர். ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் தகவல் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். சீட்டு கிடைத்ததும் ரத்தக் குழாய் விரிகிறது, அதனால் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் கொஞ்சம் கசிகிறது, அதனால் வீக்கம். கசிந்த வழியாக வெள்ளை அணுக்கள் வந்து கிருமியைத் தின்று, குப்பையை அள்ளி, இடத்தைச் சுத்தம் செய்கின்றன. வேலை முடிந்ததும் கலைந்து போகின்றன. ஆக, அழற்சி என்பது நோயில்லை, ரிப்பேர் வேலை. அது இல்லையென்றால் ஒரு முள்ளே ஆளைச் சாய்த்துவிடும்.

வீங்கியதெல்லாம் அழற்சியும் இல்லை. வயதானவர்களுக்குச் சாயங்காலம் கணுக்கால் பருத்துக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழும். பெரும்பாலும் அது நீர் கோத்தல். இதயம், சிறுநீரகம், கல்லீரல், காலின் ரத்தக் குழாய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையும் கணுக்காலை வீங்க வைக்கும். (அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.)

கூரைத் தீயும் அடுப்புச் சாம்பலும்

முள் குத்தியதும் வருவது கூரைத் தீ மாதிரி. எல்லோருக்கும் தெரியும், ஓடிவந்து அணைத்துவிடுவார்கள். விறகடுப்பு எரிந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். ராத்திரி சமையல் முடிந்து அடுப்பு அணைந்த மாதிரிதான் இருக்கும். காலையில் சாம்பலைக் கிளறினால் உள்ளே தணல் கனன்றுகொண்டிருக்கும். நீறு பூத்த நெருப்பு.

வயதான உடம்பில் நடப்பது இந்த இரண்டாவது. சிவப்பு இல்லை, சூடு இல்லை, வலிகூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தகவல் சீட்டுகள் நாள் முழுக்க, வருடக்கணக்காக, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கிளாடியோ ஃபிரான்செஸ்கி என்ற இத்தாலிய ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் அழற்சியையும் முதுமையையும் ஒட்டி 'இன்ஃப்ளமேஜிங்' என்று இதற்குப் பெயர் வைத்தார்.

தணல் எங்கிருந்து வருகிறது? ஒரே இடத்திலிருந்து இல்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைக்கிறோம். அது விடாமல் சைட்டோகைன் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஆபீஸ். வயதாகி, பிரிவதை நிறுத்திவிட்டு, சாகவும் செய்யாமல் தங்கிவிடும் செல்கள் இன்னொரு பக்கம். ரிட்டயர் ஆனபிறகும் தினமும் ஆபீசுக்கு வந்து எல்லோரையும் அதட்டும் மேனேஜர் மாதிரி. ஈறு நோய், புகை, தூக்கக் குறைவு, பலவீனமான குடல் சுவர் எல்லாமும் ஆளுக்கொரு சுள்ளி போடுகின்றன.

தணலை அளக்க முடியுமா? ஓரளவு முடியும். இன்டர்லூக்கின்-6 என்று ஒரு சைட்டோகைன் உண்டு. இந்தக் கதையில் அது திரும்பத் திரும்ப வரும். அது கல்லீரலுக்குப் போய்ச் சொன்னதும் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடும். 1930இல் நியூயார்க்கில் முதன்முதலில் அதைக் கண்டுபிடித்ததே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். நல்ல நிமோனியாவில் இது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டும். அது கூரைத் தீ. தொற்று எதுவும் இல்லாத ஒருவருக்கு 1க்குக் கீழே இருந்தால் அமைதி. 3க்கு மேல் போய், திரும்பப் பார்த்தாலும் அங்கேயே நின்றால் தணல் என்று சந்தேகிக்கலாம்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எண்ணுக்கு முன் அளவையைப் பாருங்கள். சில லேப்கள் லிட்டர் கணக்கிலும் சில டெசிலிட்டர் கணக்கிலும் போடுகின்றன. 6 என்றும் 0.6 என்றும் இரண்டு லேபில் வந்தால் ஒன்றுமே மாறவில்லை என்று அர்த்தம். அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆரிலும் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. அது வயதோடு தானாகவே ஏறும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி வரை இருக்கலாம் என்பது டாக்டர்கள் கைவசம் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு. 74 வயதுப் பெண்ணுக்கு 40ஐப் பார்த்துக் கைநடுங்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது: அழற்சி ஒரு ரிப்பேர் வேலை, முடிந்ததும் நிற்க வேண்டும். வயதானால் முழுதாக நிற்காமல் கனன்றுகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ரத்தத்தில் கொஞ்சம் தெரியும்.

தசை என்பது பீரோவில் இருக்கும் நகை

சரி, ரத்தத்தில் ஏதோ சுற்றினால் பெரியம்மா ஏன் நாற்காலியிலிருந்து எழக் கூடாது?

தசையை நாம் இயந்திரமாக மட்டும் பார்க்கிறோம். உடம்புக்கு அது சேமிப்பும்கூட. கொழுப்பைத் தனியாகச் சேர்த்துவைக்க இடம் உண்டு. புரதத்துக்கு அப்படித் தனிக் கிடங்கு கிடையாது, இருப்பதெல்லாம் தசையில்தான். வீட்டில் திடீர்ச் செலவு வந்தால் பீரோவில் இருக்கும் நகை அடகுக் கடைக்குப் போகிறதில்லையா? நிமோனியா வந்தால் வெள்ளை அணுக்களைப் பெருக்க வேண்டும், கல்லீரல் சி.ஆர்.பி. செய்ய வேண்டும். அதற்கு மூலப்பொருள் வேண்டும். ஆள் சாப்பிடவும் இல்லை. உடம்பு தசையைக் கரைத்து அமினோ அமிலமாக எடுத்துக்கொள்கிறது. அமினோ அமிலம் என்பது புரதத்தைக் கட்டும் செங்கல்.

இருபத்தைந்து வயதில் அடகு வைத்த நகை மாதக் கடைசிக்குள் மீண்டுவிடும். நாலு வேளை பசித்துச் சாப்பிட்டு, இரண்டு வாரம் ஊரைச் சுற்றினால் தசை பழையபடி வந்துவிடும். எழுபதில் மீட்பது கஷ்டம். அதே சாப்பாட்டுக்கு, அதே நடைக்கு, தசை முன்போல் வளருவதில்லை. கனன்றுகொண்டிருக்கும் தணல் கட்டும் வேலையை மந்தமாக்கி, இடிக்கும் வேலையைக் கொஞ்சம் முடுக்கிவிடுகிறது. நகை மூழ்கிப்போகிறது.

படுக்கையும் சேர்ந்தால் இன்னும் மோசம். 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எந்த நோயும் இல்லாத, சராசரியாக 67 வயதுக்காரர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, நேரத்துக்குச் சாப்பாடும் வந்தது. ஒன்பது நாள் நிமோனியாவோடு, இட்லியில் பாதியை வைத்துவிட்டுப் படுத்திருந்தவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வயதோடு தசையும் பலமும் குறைவதற்கு சார்கோபீனியா என்று 1989 வாக்கில் இர்வின் ரோசன்பெர்க் பெயர் வைத்தார். கிரேக்கச் சொல், சதை வறுமை என்று தமிழாக்கலாம். முன்தொடையில் அது முதலில் பிடிபடும். எழ, படியேற, பஸ் படிக்கட்டில் முதல் காலை வைக்க, இந்திய முறைக் கழிப்பறையில் உட்கார்ந்து எழ, எல்லாவற்றுக்கும் அந்தத் தசைதான். பலர் 'முட்டி போயிடுச்சு' என்று வருவார்கள். முட்டியைத் தாங்கும் தொடை போயிருக்கும்.

முட்டியிலும் பிரச்சினை இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. தேய்மானம் என்று நாம் சொல்லும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் வெறும் தேய்மானம் இல்லை, மூட்டின் உள் சவ்விலும் லேசான அழற்சி இருக்கிறது என்று இப்போது தெரியும். காலையில் எழுந்ததும் பிடித்துக்கொண்டு, அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் அந்த வகை. ஒரு மணி நேரம் ஆகியும் விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் மூட்டு வீங்கியிருக்கிறது என்றால் முடக்குவாதமாக இருக்கலாம்; அது கூரைத் தீ, அதற்குத் தனி மருந்து உண்டு, தள்ளிப்போடக் கூடாது. 2006இல் சிக்குன்குனியா வந்து மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கும் இந்த வித்தியாசம் புரியும்.

உட்கார்ந்தால் கனலும், கனன்றால் உட்காரும்

காய்ச்சலடிக்கும்போது யாரோடும் பேசப் பிடிக்காது, சாப்பிடப் பிடிக்காது, படுத்தால் போதும் என்றிருக்கும். அதைச் செய்வது கிருமி மட்டுமில்லை, மூளைக்குப் போகும் சைட்டோகைன் சீட்டுகள். ஓய்வெடு, சண்டை நடக்கிறது என்ற உத்தரவு. தணல் கனலும் உடம்பில் இதே உத்தரவு மெல்லிய குரலில் தினமும் போகிறது. பேரப்பிள்ளைகள் 'தாத்தா சோம்பேறி ஆயிட்டார்' என்று சொல்வதன் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். அவர் உட்காருகிறார். உட்கார்ந்தால் தசை குறைகிறது, வயிற்றுக் கொழுப்பு கூடுகிறது. கொழுப்பு கூடினால் தணல் கூடுகிறது. தணல் கூடினால் இன்னும் உட்காருகிறார்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆச்சரியம் அடுத்தது. வேலை செய்யும் தசை தானும் தகவல் சீட்டு அனுப்புகிறது. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் என்ற டாக்டரின் குழு இதைத் தோண்டிப் பார்த்தபோது, அந்தச் சீட்டுகளில் முக்கியமான ஒன்று நம்முடைய வில்லன் இன்டர்லூக்கின்-6ஆகவே இருந்தது! கொழுப்பிலிருந்து நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வந்தால் தணல். நடக்கும் தசையிலிருந்து கொஞ்ச நேரம் குபுகுபுவென்று வந்து அடங்கினால், அதன் பின்னாலேயே அழற்சியை அடக்கும் வேறு பொருள்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. ஒரே ஆள், ராத்திரியெல்லாம் சைரன் அடித்தால் தொல்லை, காலையில் ஒருமுறை சங்கு ஊதினால் ஊர் விழிக்கிறது.

இதனால்தான் 'இன்டர்லூக்கின்-6 கெட்டது, அதைக் குறை' என்று ஒரு வரியில் எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

சுருக்கமாக: தணல் தசையைக் கரைக்கிறது, ஆளை உட்காரவைக்கிறது. உட்காருவது தணலை ஊதிவிடுகிறது. தசை அசைந்தால் அதுவே தண்ணீர் தெளிக்கிறது.

அப்போ மருந்து போட்டு அணைத்துவிட்டால்?

எல்லோருக்கும் தோன்றுவதுதான், ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றியது. இத்தாலியின் கியாண்டி பகுதியில் முதியவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், இன்டர்லூக்கின்-6ம் சி.ஆர்.பி.யும் கூடுதலாக இருந்தவர்கள் மெதுவாக நடந்தார்கள், கைப்பிடி பலமும் குறைவாக இருந்தது. ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பதாலேயே ஒன்றைக் குறைத்தால் மற்றது சரியாகிவிடும் என்று ஆகாது. குடை பிடித்தவர்கள் தெருவில் அதிகம் இருந்தால் மழை பெய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். குடையைப் பிடுங்கி மழையை நிறுத்த முடியாது.

ஆஸ்பிரின் அழற்சியைக் குறைக்கும் பழைய மருந்து. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆரோக்கியமான 19,114 முதியவர்களில் பாதிப் பேருக்கு தினம் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது: மறதி நோயோ முடக்கமோ இல்லாமல் வாழும் காலம் நீளவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. (மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்து டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு இது பொருந்தாது. நிறுத்திவிடாதீர்கள்.) மீன் எண்ணெயையும் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லோசார்ட்டன் மாத்திரையையும், ரத்தத்தில் தணல் தெரிந்த முதியவர்களுக்கே ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2019இல் வெளியானது. இன்டர்லூக்கின்-6 இறங்கவில்லை, நடையும் மாறவில்லை.

மஞ்சளைப் பற்றிக் கேட்பீர்கள். குழம்பில் போடுங்கள், தாராளமாக. அதிலிருக்கும் குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவதே மிகக் குறைவு. கேப்ஸ்யூலில் அடைத்து மிளகுச் சாறு சேர்த்து ஏற்றினால் ஏறும்தான். அப்படி ஏற்றியவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. தம்பி அனுப்பிய டப்பா இன்னும் பிரிக்காமல் ஷெல்ஃபில் இருக்கிறது.

மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இன்னும் ஆபத்து. இரண்டு நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் போனால் வயதானவர்களின் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் கோளாறு, இதயத்துக்கும் சுமை. அப்புறம் பெயர் ஒட்டாத பாக்கெட்டில் வரும் மூட்டுவலிப் பொடி. அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்துவிடும், உண்மைதான். ஸ்டீராய்டு அழற்சியை அப்படி அடக்கும். ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் அது முதலில் கரைப்பது இடுப்பையும் தொடையையும் சேர்ந்த தசையைத்தான். எந்தக் காலுக்காகச் சாப்பிட்டாரோ அந்தக் கால்.

நாற்காலி, கடிகாரம், முட்டை

தணலும் உட்காருவதும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்த வளையத்தை வெட்ட வசதியான இடம் ரத்தமில்லை, தொடை. அதை அளக்க லேப் வேண்டாம். சுவரோரம் ஒரு கெட்டியான நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு. ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். 6 மீட்டர் தூரத்தை இயல்பாக நடக்க 6 நொடிக்கு மேல் ஆனாலும் அப்படியே.

1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலில் எடை கட்டித் தூக்கவைத்தார்கள். தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! நடையைப் பற்றிய பெரிய ஆய்வு 2014இல் வந்தது. 70 முதல் 89 வயது வரை, அதிகம் நடமாடாத 1,635 பேர். ஒரு பாதிக்கு நடையும் கால் பலப் பயிற்சியும், மறு பாதிக்கு ஆரோக்கிய வகுப்பு மட்டும். 400 மீட்டரைத் துணையில்லாமல் 15 நிமிடத்தில் கடக்க முடியாமல் போனால் நடமாட்டம் போனது என்று கணக்கு. சராசரியாக 2.6 வருடத்தில் வகுப்புக்காரர்களில் 35.5 சதவீதம் பேருக்கு அப்படி ஆனது, நடந்தவர்களில் 30.1 சதவீதம். அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கேப்ஸ்யூலும் இந்த அளவுகூடக் காட்டியதில்லை.

உடல் எடை கூடி முட்டி வலிப்பவர்களுக்கு 2013இல் வந்த இன்னொரு ஆய்வும் உதவும். 454 பேர். உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தார்கள். வலி குறைந்தது, ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6ம் இறங்கியது. தணலையே குறைக்க வழி கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நகையை மீட்கக் காசும் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு, ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 14 இருக்கும். ரசம் சாதத்திலும் கஞ்சியிலும் அந்தக் கணக்கு எட்டவே எட்டாது. உடம்பு சரியில்லாதவருக்குக் கஞ்சிதான் என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத சட்டம். முதல் இரண்டு நாளுக்கு மேல் அந்தச் சட்டத்தை மீறலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவையும் உண்டு. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு பக்கக் கை கால் மட்டும் துவண்டால் அந்த நிமிடமே. காலையில் இரண்டு தோளும் தூக்க வராமல், புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தாலும் தாமதிக்கக் கூடாது.

பெரியம்மாவுக்கு முதல் வாரம் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினோம். உயரம் கூடினால் எழுவது சுலபம். அடுத்த வாரம் ஒன்றை எடுத்தோம். சீரியல் விளம்பரம் வரும்போதெல்லாம் எழ வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். "விளம்பரம் வந்துடுச்சு, எழுந்திரிங்க பெரியம்மா" என்றால், "இரு, இது நல்ல விளம்பரம்" என்பார். ஏழாவது வாரம் தலையணையே இல்லாமல் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு நான்கு முறை சரியாக எழுகிறார்; ஐந்தாவதுக்கு மட்டும் வலது கை கைப்பிடியைத் தேடிப் போகிறது. சத்தமாக எண்ணச் சொன்னோம். "மூணு, நாலு" என்று வந்தவர், கையை ஊன்றி எழுந்ததும் "நாலரை" என்றார்.